களைக்காட்டில் நான் கட்டிய கிளைமாக்ஸ்

கம்பமெட்டு அடிவாரத்தில் ஏலக்காய் காயவைக்க இரண்டு ஸ்டோர். கற்றாழைகூடக் கருகிப்போகும் என்று ஊர் சிரித்த கரட்டில் நாலு ஏக்கர் திராட்சைப் பந்தல். தண்ணீர் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து பார்த்துவிட்டு, "இங்கன ஒரு சொட்டு வராதுங்க" என்று சொல்லிப் போன இடத்தில், இன்றைக்கும் வற்றாத போர். சுருளிப்பட்டி விலக்கில் ஒரு ரைஸ் மில். கம்பத்துக்குள் ஜெனரேட்டரோடு ஒரு கல்யாண மண்டபம். மணமகள் அறைக்கு ஏசி போட்ட முதல் மண்டபம் இந்தப் பக்கத்தில் அதுதான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள். இத்தனையும் கட்டியது, ஐந்தாம் வகுப்பை அரைப் பரீட்சையோடு விட்டுவந்த இந்தக் கை. யாரும் தூக்கிவிடவில்லை. காலை வாரினவர்கள் பட்டியல் தனியாக இருக்கிறது. இங்கே எழுதினால் இடம் போதாது, அதில் சிலபேர் இதைப் படித்துக்கொண்டும் இருக்கிறீர்கள்.

என் வயசுக்காரர்களே, இவ்வளவும் கட்டின எனக்கு, ஒரு சினிமாவைப் பற்றி வாய் திறக்கத் தகுதி இல்லை என்கிறார் என் மருமகன்.

போன மாதம் தேனிக்குக் கூட்டிப்போய் ஒரு படம் காட்டினார். உள்ளே அப்படிக் குளிர். மார்கழியில் ஏலத்தோட்டத்தில் படுத்தவன் நான், எனக்கே துண்டைத் தலையில் சுற்ற வேண்டியதாயிற்று. கதாநாயகன் மலைப்பாதையில் ஜீப்பை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு இறங்குகிறான். இன்னொரு கையில் துப்பாக்கி. கொண்டை ஊசி வளைவில் கியரே மாற்றவில்லை. அதே மாதிரி வளைவில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் ஜீப் ஓட்டினவன் நான். என்னை அறியாமல், "டேய், செகண்டப் போடுடா! பிரேக்கு புகையப் போகுது!" என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் நாலு தலை திரும்பியது.

"மாமா, படத்துல அதையெல்லாம் பார்க்கக் கூடாது" என்றார் மருமகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்ன எதப் பார்க்க? அவன் தலைமுடியவா?"

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "கோவிச்சுக்காதீக மாமா. ஆயுசுக்கும் நீங்க ஒரு பத்துப் படம் பார்த்திருப்பீகளா? அதுக்குள்ள இம்புட்டு அபிப்பிராயமா?"

பத்து இல்லை, பதினொன்று. நாடகம் மூன்று. ஆனால் ஒவ்வொன்றையும் நான் பார்த்தது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏலக்காய் ஏலத்துக்குப் போன இடத்தில், கட்டப்பனையில் ஒரு மலையாளப் படம் பார்த்தேன். ஒரு மனுஷன் பலாப்பழம் வெட்டுகிறான். சுளை எடுக்கிறான். கையில் எண்ணெய் தடவுகிறான். மறுபடி வெட்டுகிறான். ஒரு வசனம் கிடையாது. "இவன் எப்பத்தான் பேசுவான்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டேன். "சேட்டா, மிண்டாதிரி" என்று என் வாயைத்தான் அடைத்தார். இடைவேளை விட்டபோது பழம் பாதிதான் தீர்ந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பலாப்பழம் வாங்கினேன், அதை மறைக்கவில்லை. படத்தில் ஏதோ இருந்திருக்கிறது.

நாடகம் என்று தேனியில் ஒன்று. மதுரையிலிருந்து படித்த பிள்ளைகள் வந்து போட்டார்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. திரை கிடையாது, சீன் கிடையாது. ஒரே ஒரு நாற்காலி. முதலில் அது சிம்மாசனம். அப்புறம் படகு. கடைசியில் அதைக் கிடத்திவைத்து, அதுதான் செத்துப்போன அப்பா என்று நாலு பேர் அழுதார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. முடிந்ததும் மேடைக்குப் போய், "தம்பி, என் மண்டபத்துல நானூறு நாற்காலி கெடக்கு. சொல்லிவிட்டா ஒரு லோடு அனுப்பி வச்சிருப்பேன்ல" என்றேன். அந்தப் பையன் என்னைக் கும்பிட்டான். நன்றிக்குத்தான் கும்பிட்டான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால் மருமகன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஒரு படத்துக்கு முடிவு வைப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு வயதில் நான் ஒரு படத்துக்கு முடிவு வைத்தவன்.

உங்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பஸ் நினைவிருக்கும். கம்பத்துத் தியேட்டரில் மேட்னி முடிவதற்குக் கால் மணி நேரம் முன்னால், சுருளிப்பட்டி வழியாக எங்கள் ஊருக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான். அதற்குள் மாடு மடி கனத்துக் கத்தும். அதனால் கண்டக்டர் தியேட்டர் வாசலுக்கு வந்து சொல்லி அனுப்புவார். டார்ச் லைட் வைத்திருப்பவர் உள்ளே வந்து, கதாநாயகி விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, "சுருளிப்பட்டி பஸ்ஸு! சுருளிப்பட்டி பஸ்ஸு!" என்று கத்துவார். ஒரு பக்கத்துப் பெஞ்சு மொத்தமும் எழுந்திரிக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டே வெளியே ஓடுவோம்.

ஆக, எங்கள் ஊரில் எந்தப் படத்தின் முடிவும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒருத்தரும் ஒப்புக்கொண்டதும் கிடையாது. டீக்கடையில் எல்லோரும் முழுப்படம் பார்த்தவர்கள். முடிவு என்னப்பா என்று கேட்டால், "அத ஏன் கேக்குற, கடைசியில கண்ணுல தண்ணி வந்துரும்" என்று பொதுவாக ஒரு போடு போடுவார்கள். என் அப்பா இதில் மன்னன். "நடந்து வந்தாலும் பரவாயில்லைன்னு முடிவு பார்த்துட்டுத்தான் எந்திரிச்சேன்" என்பார். அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி அவருக்கு இடம் பிடித்தவனே நான்தான்.

நடவு முடிந்து களையெடுப்பு நடந்த நேரம் அது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு அரை வருஷம் ஆகியிருந்தது. என் அத்தை, அப்பாவின் தங்கை, சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டவர், தகரப்பெட்டியோடு திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காரணம் சாவி. அத்தையின் மாமியார் ராத்திரிச் சோறு ஆனதும் அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாராம். எல்லோருக்கும் போட்டுவிட்டு அத்தை சாப்பிட வரும்போது கதவு பூட்டியிருக்கும். மாமா ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் எதற்குமே பேசமாட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு மண்ணாந்தை என்று பட்டப்பெயர்.

அத்தை வந்ததில் நஷ்டம் யாருக்கோ, லாபம் எனக்கு. என் அம்மா குழம்பு வைத்தால் புளி தனியாக நிற்கும், தண்ணீர் தனியாக நிற்கும். அத்தை கை பட்ட தட்டைப்பயறுக் குழம்பு மறுநாள் காலையில் சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அதைப் பழைய சோற்றோடு வழித்துத் தின்றவனுக்குத்தான் அந்த மூன்று மாதத்தின் அருமை தெரியும்.

அப்பாவும் நானும், ஊர்க்காரர் மூன்று பேரும் கம்பத்துக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் நான் களைக்காட்டுக்குப் போனேன். வேலைக்கு இல்லை, கதை சொல்ல.

இது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பிடுங்கிக்கொண்டு போவார்கள். படம் பார்த்து வந்த ஒருத்தன் வரப்பில் உட்கார்ந்து படத்தைச் சொல்ல வேண்டும். வசனம், பாட்டு, இடி, மழை எல்லாம் வாயாலேயே. எனக்குத் தொண்டை பெரிது, ஞாபகமும் பெரிது. அதனால் அந்தப் போகம் முழுக்க என் ஆட்சி. ஆள் கூட்டி வரும் பெரியம்மா ஒருத்தர் இருந்தார். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாய், கிழிந்த ஆண்பிள்ளைச் சட்டை. அவர் சொன்னபடிதான் படம் ஓடும்.

"ஏலே, இந்த வயல்ல கோரை மண்டிக் கெடக்கு. சண்டையச் சொல்லு, கை வெரசா ஓடும்."

"சண்டை இனிமேத்தான் வருது பெரியம்மா."

"இப்பவே கொண்டாடா. அவன் என்ன கடிகாரம் பார்த்தா சண்டை போடுறான்? அழுகுறதெல்லாம் கஞ்சி குடிச்சப்பறம் வச்சுக்க. காலையிலேயே அழுதா பொழுது போயிரும், களை நின்னுரும்."

அப்படித்தான் அந்தப் படத்தில் கதாநாயகி கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமியார் வீட்டில் அடி வாங்கினாள். களை அதிகமாக இருந்தது. நெல் மாதிரியே நின்று ஏமாற்றும் ஒரு புல் உண்டு, நெல்லுச்சக்களத்தி என்பார்கள். அது கண்ட இடத்தில் மட்டும் நான் பேச்சை நிறுத்தி நிதானம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அழுகிற கண்ணோடு நெல்லைப் பிடுங்கிவிடுவார்கள். படம் சொல்வது சும்மா வேலை இல்லை.

படத்தின் கதை இதுதான்: பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். கொடுமைக்கார மாமியார். புருஷன் வெளியூர் போன நேரம் அவள் மேல் திருட்டுப் பழி. கொட்டுகிற மழையில் வெளியே தள்ளுகிறார்கள். அவள் தகரப்பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். அந்த இடத்தில்தான் டார்ச் லைட்காரர் வந்து, "சுருளிப்பட்டி பஸ்ஸு!" என்றார்.

பாட்டுப் புத்தகம் என்று தியேட்டர் வாசலில் ரோஸ் காகிதத்தில் விற்பார்களே, இப்போது எங்கே போனாலும் கிடைக்காது, அதில் கதைச் சுருக்கம் போட்டிருக்கும். அதையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற இடம் வந்ததும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கைவிரித்துவிட்டது.

மூன்று நாள் களையில் கதையை இழுத்தேன். தகரப்பெட்டி வந்ததிலிருந்து வரிசையில் ஒரு மாற்றம். பெண்கள் களையைப் பார்க்காமல், ஓரக்கண்ணால் என் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை வரிசையின் கடைசியில் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சேலை முழங்கால்வரை சேறு. யாருக்கும் காதில் விழாது என்று நினைத்து மூக்கை உறிஞ்சினார்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டில் ஒரு சேதி. வெள்ளிக்கிழமை சின்னமனூர் ஆட்கள் அத்தையை அழைத்துப்போக வருகிறார்கள். அப்பா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். "புருஷன் வீடுன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்று அவர் சொல்ல, அம்மா தலையாட்ட, அத்தை அடுப்பை ஊதினார். போகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. நான் அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாளில் அது போய்விடும்.

ஊருக்கு நல்லது நினைத்துச் செய்தேன், பெண் பாவம் பொறுக்காமல் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். என் மண்டபத்துக் கல்வெட்டில் அப்படித்தான் எழுதுவேன். உண்மை, குழம்பு.

அன்று மத்தியானம், கஞ்சி குடித்த பிறகு, பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ம், பஸ்டாண்டுல நிக்கிறா. மேல சொல்லு. எங்க போனா? ஆத்துலயா, கெணத்துலயா?"

தண்ணீரில் கால் எடுத்து வைக்கும் சத்தம்கூட இல்லை. அதற்கு மேல் எனக்கும்தான் தெரியாது. பஸ் ஸ்டாண்டு என்றதும் என் கண்ணில் வந்தது கூடலூர் பஸ் ஸ்டாண்டு. விடியற்காலையில் தோட்ட வேலைக்குக் குமுளி ஏறுகிறவர்கள் ஜீப்புக்காக நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். சூடாக ஒரு வாய் தின்ன அங்கே ஒன்றும் கிடைக்காது.

"எங்கயும் போகல" என்றேன். "பொட்டியத் தெறந்தா. உள்ள ஒரு இட்லிச் சட்டி இருந்துச்சு."

"என்னது?"

"இட்லிச் சட்டி. பஸ்டாண்டுலயே அடுப்பக் கூட்டுனா. இட்லி அவிச்சா. தட்டைப்பயறுக் குழம்பு வச்சா. மலைக்குப் போற ஆளுக எல்லாம் வரிசையில நின்னாக."

அப்புறம் எனக்கே நிறுத்த முடியவில்லை. ஒரு பாட்டு வைத்தேன். பாட்டு முடிகிறபோது கூரைக் கொட்டகை ஓட்டுக் கடையாகிவிட்டது. புருஷன் வருகிறான், அடையாளம் தெரியாமல் ஆறு இட்லி தின்கிறான், தட்டை அவனையே கழுவச் சொல்கிறாள். கடைசியில் பசியோடு மாமியார் வந்து நிற்கிறாள். கதாநாயகி இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து, "நான் எதையும் பூட்டுறதில்ல அத்த. இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க" என்று கையில் கொடுக்கிறாள். மாமியார் தலை குனிகிறாள். மணி அடிக்கிறது. சுபம்.

வரிசை மொத்தமும் நிமிர்ந்து நின்றது. பெரியம்மா வெற்றிலையைத் துப்பினார்.

"சாகலையா?"

"சாகல."

"கால்ல விழுகலையா?"

"இல்ல பெரியம்மா."

"அம்புட்டு மழையில நின்னவளுக்குக் காய்ச்சக்கூட வரலையாலே?"

"வரல."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். "எவன் எடுத்தானோ, வெவரமாத்தான் எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். அன்று களை எடுத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தை மட்டும் குனியவே இல்லை. கையில் பிடுங்கின புல்லோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அதே படத்துக்கு எங்களோடு வந்த மூன்று பேரும் அதில் இருந்தார்கள். எதிரே மாமியார், பக்கத்தில் மாமா. மாமா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெல் குதிருக்குப் பின்னால்.

"கோவதாபம் எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான் தம்பி" என்று ஆரம்பித்தார் மாமியார். "புள்ளைய அனுப்பி வைங்க. நாங்க என்ன கொலையா செஞ்சுபுட்டோம்?"

"வருவா ஆத்தா. அதெல்லாம் நான் சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அத்தை வாசற்படிக்கு வந்தார். "அண்ணே, நான் போகல. கூடலூர் பஸ்டாண்டுகிட்ட இட்லிக்கடை போடப்போறேன்."

முற்றத்தில் ஒரு கோழி நடந்துபோனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"குடும்பத்துப் பொம்பள ரோட்டுல ஒக்காந்து இட்லி விக்கிறதா?" அப்பா எழுந்துவிட்டார். "யாரு ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"படத்துலயே வருதுல்ல. அந்தப் புள்ள கடை போட்டு, மாமியா வந்து நின்னு, சாவியக் கையில குடுத்து... நீங்களும்தான பார்த்தீக?"

அப்பா வாயைத் திறந்தார்.

"முடிவு பார்த்துட்டுத்தான் எந்திரிச்சேன்னு சொன்னீகளே அண்ணே. அப்படித்தான முடியுது?"

என் வயசுக்காரர்களே, ஒரு மனிதன் வேர்ப்பதை நான் பிற்பாடு ஏலக்காய்ச் சூளைக்குள் பார்த்திருக்கிறேன். அன்று என் அப்பாவுக்கு வேர்த்தது போல் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் எப்படி முடிகிறது என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் டீக்கடைக்குப் போக முடியாது. பாயில் இருந்த மூன்று பேரையும் பார்த்தார். அவர்களும் அதே பஸ்ஸில் வந்தவர்கள்தான்.

"ம்... அப்படித்தான்... முடியுது" என்றார் அப்பா.

"ஆமாமா, அப்படித்தான்" என்றார் ஒருவர்.

"அந்தச் சாவி குடுக்குற எடத்துல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தட்டு கழுவுகிற இடம்தான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்றார்.

"சினிமாவுல ஆயிரம் காட்டுவான்!" என்று மாமியார் கத்தினார். "அதெல்லாம் நெசமா?"

"அடுப்படியப் பூட்டுறது நெசந்தான?" என்றார் அத்தை. சத்தம் போடவில்லை.

பாயில் இருந்தவர்கள் குனிந்து வெற்றிலை கிள்ளினார்கள். மாமா மட்டும் தலையைத் தூக்கினார். அப்பாவைப் பார்த்தார். வாய் ஒரு முறை திறந்தது. கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "குடிக்கத் தண்ணி" என்றார். அவ்வளவுதான். மண்ணாந்தை, பொண்டாட்டி கைவிட்டுப் போகிறாள், இவன் தண்ணீர் கேட்கிறான் என்று ஊர் ஆறு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மா வழிச் சொந்தத்தில் கூடலூரில் ஒரு மாமன் வீடு இருந்தது. அதன் முன்னால் தென்னங்கீற்றுப் போட்டு அத்தை அடுப்பு வைத்தார். மறந்துவிட்டேனே, அத்தை கூடலூர் போனதால் குழம்பும் கூடலூர் போய்விட்டது. நான் அந்த முடிவு வைத்து எனக்குக் கிடைத்தது அம்மாவின் புளித்தண்ணீர்தான். பதினோரு வயதில் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

அறுப்பெல்லாம் முடிந்தபோது அதே படம் சுருளிப்பட்டி பக்கத்து டெண்ட் கொட்டகைக்கு வந்தது. பெரியம்மா தன் ஆட்கள் மொத்தத்தையும் முதல் ஆட்டத்துக்குத் திரட்டினார். ஊரே போனது. எனக்கு மட்டும் வயிற்றுவலி என்றேன், அப்பா காதைப் பிடித்து இழுத்துப்போனார். மணலில் உட்கார்ந்தோம். பீடிப் புகைக்குள்ளே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தது. மழை கொட்டியது. பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா, "இப்பப் பாருங்கடி, பொட்டியத் தெறப்பா" என்றார்.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. மழையிலேயே திரும்பி நடந்தாள். வீட்டு வாசலில் விழுந்தாள். புருஷன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லிச் செத்துப்போனாள். அவள் படத்துக்கு மாலை. சுபம்.

விளக்குப் போட்டதும் பெரியம்மா எழுந்தார். "யோவ் கொட்டகைக்காரரே! எங்கய்யா இட்லிக்கடை?"

கொட்டகைக்காரர் ஓடிவந்தார். "எந்த இட்லிக்கடை ஆத்தா?"

"ஆறு இட்லி தின்னுட்டுத் தட்டுக் கழுவுவானே, அந்தச் சுருளு எங்க? கம்பத்துல முழுசாக் காட்டியிருக்காக. எங்க ஊர்னா வெட்டிப்புடுவீகளோ? நாங்க என்ன இளிச்சவாயிகளா?"

ஊர் மானம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களைக் கேட்க வேண்டுமா? ஆண்களும் எழுந்துவிட்டார்கள். கொட்டகைக்காரர் படப்பெட்டியைக் கொண்டுவந்து சுருள்களை எண்ணிக் காட்டினார். "சத்தியமா வந்ததே இம்புட்டுத்தான் ஆத்தா!" பெரியம்மா அப்பாவைக் கை காட்டினார். "இந்தா நிக்கிறாக, அம்புட்டுப் பேரும் சாட்சி. கேளும்." அப்பாவும் மற்ற மூன்று பேரும் இரண்டாம் முறையாக, ஆமாம், கம்பத்தில் இருந்தது என்றார்கள். பாவம் அந்த மனிதர், இட்லிக்கடைச் சுருளை எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்டு மதுரைக்குக் கடிதாசியே எழுதிப்போட்டார். மறுநாளிலிருந்து, அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே படத்தை நிறுத்தி, 'சுபம்' என்று சிலைடு போட்டுவிட்டார். "இது தேவல" என்றார் பெரியம்மா.

வீட்டுக்கு நடக்கும்போது வாய்க்கால்வரை அப்பா முன்னால் நடந்தார். தாண்டியதும் முதுகில் ஒன்று. "இட்லிக்கடையாடா வச்ச?" இன்னொன்று. "ஊருக்கு முன்னால என்னையப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சியேடா!" கொஞ்ச தூரம் போனோம். பிறகு கேட்டார்: "அந்தச் சாவிய அவ எறிஞ்சாளா, கையில குடுத்தாளா?"

"கையில குடுத்தா."

"எறிஞ்சிருக்கணும்" என்றார் அப்பா.

அத்தை அந்தப் படத்தைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. கடையை விட்டு வர நேரமில்லை. வருஷம் திரும்புவதற்குள் மாமா ஒரு பையோடு கூடலூரில் வந்து இறங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். மாமியார் கடைசிவரை கடைப் பக்கம் வரவில்லை. பார்சல் மட்டும் கட்டி அனுப்பச் சொல்வார். கீற்றுக் கொட்டகை ஓட்டுக் கடையாகி, ஓட்டுக் கடை மாடி மெஸ்ஸாகி, கம்பத்தில் ஒன்று, போன வாரம் தேனியில் ஒன்று. அத்தையின் பேரன் திறந்திருக்கிறான். நானும் போனேன்.

வாசலில் என்னைத் தள்ளிக்கொண்டு ஒருவன் கேமராவோடு அத்தையிடம் போனான். எண்பதைத் தாண்டியும் அத்தைக்குக் குரல் கணீரென்று இருக்கிறது. எப்படி இந்தத் தைரியம் வந்தது என்று அவன் கேட்டான். "ஒரு படந்தாம்ப்பா" என்றார் அத்தை. "அதுல ஒரு புள்ள இட்லிக்கடை போடுவா. அதப் பார்த்துத்தான். எடுத்த மகராசன் நல்லா இருக்கணும்." திரும்பிப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் அந்தப் படத்தின் போஸ்டர், அதற்குப் பக்கத்தில் அதன் டைரக்டர் படம். சந்தன மாலை. சீரியல் லைட்.

வடை தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் தேடிப் போனபோது மூலையில் மாமா உட்கார்ந்திருந்தார். கிளாஸை நீட்டினார்.

"மாப்ளே, அந்தப் படத்துல அவ செத்துருவா" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றேன்.

"சின்னமனூர்ல வீட்டுக்கு எதுத்தாப்லதான தியேட்டரு. ரெண்டு தடவ முழுசாப் பார்த்தேன்."

"பின்ன அன்னைக்குப் பஞ்சாயத்துல ஏன் மாமா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா இவ எங்க அம்மா பின்னால வந்திருப்பா." மாமா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "எண்ணெய்ச் செக்க அடைச்சுட்டு நான் வீடு வாறதுக்குள்ள எனக்கும்தான் அடுப்படி பூட்டியிருக்கும் மாப்ளே. யாருகிட்டச் சொல்ல?"

அறுபது வருஷம் மண்ணாந்தை என்று சிரித்தோம். அந்த முற்றத்தில் படத்தின் முடிவு தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அத்தைக்கு இது தெரியுமா?"

"முன்னாலயே சொல்லிப் பார்த்துட்டேன். 'நீங்க தூங்கிருப்பீக'ன்னுட்டா."

ஆக, அத்தையிடம் சொல்லிப் பயனில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன். அந்தக் களைக்காட்டில் இருந்தவர்களில் இன்னும் இருக்கிறவர்கள் சாட்சிக்கு வாருங்கள். உட்கார நாற்காலி நான் போடுகிறேன். அத்தை பேரனே, டைரக்டர் படத்தைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. மாலை, லைட் எல்லாம் இருக்கட்டும். ஆனால் அவர் அவளை மழையில் நடக்கவிட்டுக் கொன்றவர். அடுப்புக் கூட்டினவன், குழம்பு வைத்தவன், ஓடு போட்டவன் நான். உன் மூன்று கடைக்கும் நான்தான் அஸ்திவாரம். அந்த போஸ்டருக்குக் கீழே, சாப்பிடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒரே ஒரு வரி எழுது: 'பஸ் ஸ்டாண்டு வரை டைரக்டர், அதற்கு மேல் இன்னார்.' இன்னார் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு.